டி.டி.எஸ். குறைந்தால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? குடிநீர்க் கருவிகளின் சொற்களுக்கு ஒரு விளக்கம்

சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் வருஷம் முழுவதும் ஒரே தண்ணீர் வருவதில்லை. புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர், கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர், கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கப்பட்ட கடல்நீர் ஆகியவை பகுதிக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி மாறி மாறி வருகின்றன. அடுக்ககத்தின் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், இவற்றோடு போர் தண்ணீர் சேருகிறது. கோடையில் லாரித் தண்ணீரும் சேருகிறது. இந்தக் கலவையைக் குடிநீராக்க ஒரு கருவி வாங்கலாம் என்று கடைக்குப் போனால், பெட்டியின் மேல் 'ஆர்.ஓ. + யு.வி. + யு.எஃப். + டி.டி.எஸ். கன்ட்ரோலர் + காப்பர் + ஆல்கலைன்' என்று எழுதியிருக்கிறது. கூட்டல் குறி ஒவ்வொன்றுக்கும் விலை ஏறுகிறது.

வாங்குபவர் இதை ஏணிப்படிகளைப் போல நினைத்துக்கொள்கிறார். அதிகப் படிகள் இருந்தால் அதிகச் சுத்தம் என்பது அவர் கணக்கு. உண்மையில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்கான மருந்தின் பெயர். காய்ச்சல் மருந்தும் கண் மருந்தும் ஒன்றைவிட ஒன்று உயர்ந்தவை அல்ல. நோய் எது என்று தெரியாமல் எல்லா மருந்தையும் சேர்த்து விழுங்குவதைத்தான் நம் சமையலறைகளில் தண்ணீருக்குச் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு நகரமும் விலை கொடுக்கிறது.

தண்ணீரில் என்னென்ன இருக்கும்?

எந்தச் சொல்லைப் புரிந்துகொள்வதற்கும் முன்னால் இந்தப் பிரிவினை வேண்டும். தண்ணீரில் நமக்கு வேண்டாதவை நான்கு வகை.

1. கரையாமல் மிதப்பவை: மண், துரு, பாசித்துகள். இவற்றால் வருவது கலங்கல்.

2. கரைந்த உப்புகள்: கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் முதலியவை. கண்ணுக்குத் தெரியாது, பல சமயம் நாக்குக்குத் தெரியும். ஃபுளோரைடும், ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சுகளும் கரைந்தே இருக்கும். அவை நாக்குக்கும் தெரியாது.

3. கரைந்த கரிமப் பொருள்கள், வாயுக்கள்: பூச்சிக்கொல்லி மிச்சம், வாடை தரும் பொருள்கள், கிருமி கொல்வதற்காகச் சேர்த்த குளோரின்.

4. உயிருள்ளவை: பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணிகளின் முட்டை போன்ற உறைகள்.

முதல் வகை போனால் மற்றவையும் போய்விட்டதாக நம்புவது பழைய பிழை. மண்பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தால் கலங்கல் நீர் தெளியும் என்பது நம் ஊர்களுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த அறிவு. நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்வதும் அதே வேலைதான். அருமையான உத்தி. ஆனால் தெளிந்த நீரில் காலரா கிருமி இருக்க முடியும். பளிங்கு போன்ற நீரில் நைட்ரேட் மிகுந்திருக்க முடியும். இரண்டாம் வகை குறைந்தால் நான்காம் வகையும் குறைந்துவிட்டதாக நம்புவது இன்றைய பிழை. கரைந்த உப்பைக் காட்டும் எண்ணான டி.டி.எஸ். மேல் உள்ள மோகம் அதுதான்.

டி.டி.எஸ்.: அதிகம் பேசப்படும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண்

ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த எடை எத்தனை மில்லிகிராம் என்பதே டி.டி.எஸ். இதைப் பி.பி.எம். என்றும் சொல்வார்கள், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று பொருள். வீட்டு நீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே எண்தான்.

பேனா போன்ற சின்ன மீட்டரை நீரில் விட்டதும் எண் வருகிறதே, அது எதையும் எடைபோடுவதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி, எடையை மதிப்பிட்டுச் சொல்கிறது. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். அதனால் மீட்டருக்குத் தெரிவது உப்பு மட்டுமே. பாக்டீரியா தெரியாது. பூச்சிக்கொல்லி தெரியாது. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம்; அதைப்போல் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் மீட்டரின் எண் ஒன்றுகூட நகராது. சாக்கடை கலந்த நீர் 300 காட்டலாம். கால்சியம் நிறைந்த நல்ல கிணற்று நீர் 450 காட்டலாம். மீட்டரை மட்டும் நம்புபவர் இந்த இரண்டில் தவறானதைத் தேர்ந்தெடுப்பார்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் டி.டி.எஸ்.-க்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் டி.டி.எஸ்.-க்கு உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் வைக்கவில்லை. சுமார் 600 வரை சுவை நன்றாக இருக்கும் என்றும், 1,000-க்கு மேல் போகப்போகக் குடிக்கப் பிடிக்காது என்றும் சொல்கிறது. ஆக, இது பெரும்பாலும் சுவையைப் பற்றிய எண். கீழே போகப்போக உடலுக்கு நல்லது என்று எந்தத் தரமும் சொல்லவில்லை. 300-ஐ 30 ஆக்குவதால் சுத்தம் பத்து மடங்கு கூடிவிடாது.

மறுபக்கத்திலும் ஒரு பயம் பரவியிருக்கிறது: டி.டி.எஸ். குறைந்த நீரைக் குடித்தால் எலும்பு தேய்ந்துவிடும் என்பது. குடிநீரும் கால்சியம், மெக்னீசியத்தில் ஒரு பங்கைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் பெரும்பங்கு கேழ்வரகு, கீரை, பால், மீன் முதலிய உணவிலிருந்தே வருகிறது. உணவு சரியாக இருப்பவர் இதற்காக நடுங்க வேண்டியதில்லை; உணவு சரியாக இல்லாத வீட்டில் தண்ணீரின் கனிமங்களையும் வீணாகப் பறிக்க வேண்டியதில்லை.

விற்பனைக்காக வீட்டுக்கு வருபவர்கள் செய்துகாட்டும் ஒரு சோதனையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு டம்ளர்களில் ஒன்றில் உங்கள் குழாய் நீர், மற்றொன்றில் அவர்கள் கருவியின் நீர். உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு சாதனத்தை இரண்டிலும் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். உங்கள் நீர் சில நொடிகளில் காவியாகி, நுரைத்து, சேறாகிறது. அவர்கள் நீர் அப்படியே இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல. மின்பகுப்பில் அரித்துக் கரைந்த இரும்புக் கம்பியின் துரு. உப்பு உள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் கம்பி கரைகிறது. உப்பு இல்லாத நீரில் பாயாததால் கரையவில்லை. அந்தச் 'சுத்தமான' டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். குழந்தைகளின் உடல்நலத்தைச் சொல்லிப் பயமுறுத்தி இப்படி விற்பது ஏமாற்று. வேறு பெயர் அதற்குக் கிடையாது.

கடினத்தன்மை: பருப்பு வேகாத தண்ணீர்

டி.டி.எஸ்.-இன் ஒரு பகுதிதான் கடினத்தன்மை. கால்சியமும் மெக்னீசியமும் மட்டும் இதில் சேரும். சோப்பு நுரைக்காதது, வாளியில் வெள்ளைப் படிவு, ஷவர் துளைகள் அடைபடுவது, துவரம்பருப்பு வேக மறுப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 600.

உவர்ப்பும் கடினமும் ஒன்றல்ல. கடலோரப் பகுதிகளில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியதால் போர் தண்ணீர் உவர்ப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடால். அதாவது சாதாரண உப்பால். உள்பகுதிகளில் பாறைப் பிளவுகளிலிருந்து வரும் நீர் உவர்ப்பு அவ்வளவு இல்லாமலே கடினமாக இருக்கலாம்.

கொதிக்கவைத்தால் ஒரு பகுதிக் கடினம் போகும். பைகார்பனேட்டாக இருக்கும் கால்சியம் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பார்கள். குளோரைடாகவும் சல்பேட்டாகவும் இருப்பது கொதித்தாலும் போகாது.

'சாஃப்ட்னர்' என்று மொட்டைமாடியிலோ மோட்டார் அறையிலோ வைக்கும் உருளை, பிசின் மணிகளைக் கொண்டு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. அவ்வப்போது மூட்டை உப்புக் கரைசலை ஊற்றி அந்த மணிகளுக்கு மறுபடி சோடியம் ஏற்றுகிறார்கள். குளியலறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் இது நல்லது. ஆனால் ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வருவதால் டி.டி.எஸ். குறையாது. 'சாஃப்ட்னர் போட்டும் மீட்டர் இறங்கவில்லை' என்று குறைபடுவதில் பொருள் இல்லை. கூடுதலாகச் சேரும் சோடியத்தை எண்ணி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை அப்படியே குடிநீராகக் கொள்ளாமல் இருப்பது நல்லது.

குளோரின் வாடை நல்ல செய்தி

குடிநீர் வாரியம் குழாயில் அனுப்பும் மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் பலர் முகம் சுளிக்கிறார்கள். குழாயின் கடைசி வீடு வரை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது தரம். இதற்கு 'எஞ்சிய குளோரின்' என்று பெயர். சென்னையில் தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் வருவதில்லை. நீர் நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. பக்கத்திலேயே ஓடும் கழிவுநீர்க் குழாயின் கசிவு விரிசல் வழியாக உள்ளே புகலாம். அடிபம்பும் மோட்டாரும் வைத்து உறிஞ்சும்போது அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. புகுந்த கிருமியைக் கொல்லக் காத்திருப்பது அந்த எஞ்சிய குளோரின்தான். வாடை திடீரென்று அறவே நின்றுபோய், நீரில் வேறு நாற்றம் எடுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மைக்ரான்: சல்லடைக் கண்ணின் அளவு

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஒட்டுண்ணி உறைகள் 4 முதல் 12 மைக்ரான். பாக்டீரியா பெரும்பாலும் அரை மைக்ரான் முதல் சில மைக்ரான் வரை. வைரஸ் 0.02 முதல் 0.3 வரை. கரைந்த உப்போ தனித்தனி அயனிகளாக இருப்பதால் இந்தக் கணக்கிலேயே அடங்காத அளவுக்குச் சிறியது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் விளம்பரத் தாளைப் படிப்பது எளிது. 5 மைக்ரான் வடிகட்டி மண்ணைப் பிடிக்கும், பாக்டீரியாவை விட்டுவிடும். யு.எஃப். சவ்வின் துளை சுமார் 0.01 மைக்ரான், பாக்டீரியா முழுவதும், வைரஸில் பெரும்பகுதியும் தங்கிவிடும். ஆர்.ஓ. சவ்வு சுமார் 0.0001 மைக்ரான்; உப்பும் தங்கும்.

கருவிக்குள் தண்ணீர் போகும் வழி

பழுதுபார்க்க வருபவர் 'ஸ்பன் மாற்ற வேண்டும், கார்பன் போய்விட்டது, மெம்பரேன் இன்னும் ஆறு மாதம் வரும்' என்று சொல்வதைப் பின்தொடர இந்த வரிசை போதும்.

1. முன்வடிகட்டி. கருவிக்கு வெளியே சுவரில் தொங்கும் கூட்டுக்குள் வெள்ளை நூல் உருளை போல இருக்கும். பேச்சில் இதுதான் 'ஸ்பன்'. மண், துரு இங்கே நிற்கும். காவி நிறமாகிவிட்டால் மாற்ற வேண்டும். மிக மலிவான பகுதி. இதைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் விலை உயர்ந்த மெம்பரேன், அதாவது ஆர்.ஓ. சவ்வு, கெடும்.

2. கார்பன். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையை எரித்துப் பதப்படுத்திய கரி. ஒரு கிராம் கரியின் உட்துளைகளை எல்லாம் விரித்துப் போட்டால் 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு வரும். குளோரினும் வாடையும் பூச்சிக்கொல்லிகளில் பலவும் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உப்பை இது தொடுவதில்லை. ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் அரிக்கும் என்பதால் கார்பன் அதற்கு முன்னால் நிற்கிறது. ஒன்றை மறக்கக் கூடாது: கார்பனைத் தாண்டிய நீருக்குக் குளோரின் காவல் இல்லை. அதன் பிறகு தொட்டியில் நாள்கணக்கில் தேங்கினால் கிருமி வளரும். ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் முதல் தொட்டி நீரைக் குடிக்காமல் திறந்துவிடச் சொல்வது இதனால்தான்.

3. பம்ப்பும் ஆர்.ஓ. சவ்வும். இதைத் தனியாகப் பார்ப்போம்.

4. யு.வி. விளக்கு. சுமார் 254 நானோமீட்டர் அலைநீளப் புறஊதாக் கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைத்து அது பெருகாமல் செய்கிறது. எதையும் வடிகட்டுவதில்லை, உப்பும் குறையாது. கலங்கிய நீரில் துகளின் நிழலில் கிருமி தப்பிவிடும் என்பதால் தெளிந்த நீருக்குத்தான் பயன்படும். கருவியின் முகப்பில் தெரியும் நீல வெளிச்சம் பல சமயம் வெறும் அலங்கார விளக்கு. புறஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் சுமார் 8,000, 9,000 மணி நேரத்துக்குப் பிறகு வலு குறைந்துவிடும். விடாமல் எரிந்தால் அது ஒரு வருஷக் கணக்கு.

5. யு.எஃப். சேமியா போன்ற நுண்குழல்களின் கட்டு. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வீணாகாது. மின்வெட்டிலும் வேலை செய்யும் இந்த எளிய பகுதிக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் எண்ணம்.

ஆர்.ஓ.: ஊறுகாய்க்கு நேர் எதிர்

மாங்காய்த் துண்டுகளில் உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் நீர் விட்டிருக்கும். துண்டின் உள்ளே இருக்கும் நீர், தன் மெல்லிய சவ்வுகளைக் கடந்து, உப்பு மிகுந்த வெளிப்பக்கத்துக்குத் தானே போகிறது. இதுதான் சவ்வூடு பரவல். உப்பு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் திரும்பி, உப்பைப் பின்னால் விட்டுவிட்டு உப்பில்லாத பக்கத்துக்கு வரும். அது எதிர்ச் சவ்வூடு பரவல், ஆர்.ஓ. என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். இதற்குப் பயன்படும் சவ்வை 1960ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் சீனிவாச சௌரிராஜன் என்ற இந்திய அறிவியலாளர். இன்று நம் வீடுகளில் இருப்பதும் நெம்மேலியில் இருப்பதும் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகளே.

பத்து மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்தான். வீட்டு ஆர்.ஓ. சவ்வுக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு வேண்டும். அதனால் பம்ப், அதனால் மின்சாரம்.

அடுத்து, கழிவுநீர். மாவு சலிக்கும்போது சல்லடையில் தங்கும் தவிட்டை அவ்வப்போது கொட்டாவிட்டால் கண் அடைந்துவிடும். ஆர்.ஓ. சவ்வில் தங்கும் உப்பையும் ஒரு நீரோட்டம் விடாமல் கழுவிக்கொண்டு போக வேண்டும். அதுதான் கழிவுக் குழாயில் வருவது. எவ்வளவு போகலாம் என்பதை 'ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்' என்ற சிறு குழல் தீர்மானிக்கிறது. உள்ளே போன நீரில் நூற்றுக்கு எத்தனை பங்கு குடிநீராகிறது என்பதற்கு 'ரெகவரி' என்று பெயர். ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் கழிவு என்றால் ரெகவரி 25 சதவீதம்.

இப்போது ஒரு கணக்கு. நீரின் டி.டி.எஸ். 300, கருவி 25 சதவீத ரெகவரியில் ஓடுகிறது, வரும் குடிநீர் 15 என்று வைத்துக்கொள்வோம். நான்கு லிட்டர் உள்ளே போனால் மொத்த உப்பு 1,200 மில்லிகிராம். ஒரு லிட்டர் குடிநீரோடு 15 வெளியேறுகிறது. மிச்சம் 1,185 மில்லிகிராமும் மூன்று லிட்டர் கழிவில் இருக்கிறது. லிட்டருக்கு 395. இந்தியத் தரத்தின் 500 வரம்புக்குள்தான் இருக்கிறது அந்தக் 'கழிவு'. உப்பைப் பொறுத்தவரை குடிக்கத் தகுந்த தண்ணீரில் முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, கால் பங்கை எடுத்துக்கொள்கிறோம்.

2019ஆம் ஆண்டுக் கோடையை இந்த ஊர் மறந்துவிட முடியாது. ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது; ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் ஒரு வீடு, மேலே சொன்ன விகிதத்தில் நாளுக்கு 60 லிட்டரை விடுகிறது. மாதத்துக்கு 1,800. ஐந்து வீடுகள் சேர்ந்தால் 9,000 லிட்டர்: ஒரு தண்ணீர் லாரி. போர் நீர் 1,500 காட்டும் வீட்டில் இது தவிர்க்க முடியாத விலை. யாரையும் குறை சொல்ல முடியாது. 300 காட்டும் வீட்டில் இதற்கு நியாயமே இல்லை. நெம்மேலி நீர் வரும் வீடுகளில் நிலைமை இன்னும் வேதனையானது. லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் அளவில் உப்புள்ள கடல்நீரை, பெரும் மின்செலவில், பொதுப்பணத்தில் ஆர்.ஓ. செய்து அனுப்புகிறார்கள். அது சமையலறைக்கு வந்ததும் மறுபடி ஆர்.ஓ.-வுக்குள் நுழைகிறது.

டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் வீட்டு ஆர்.ஓ. கருவிகளைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டதன் அடிப்படை இந்தக் கணக்குதான். தடை என்ற சொல் செய்திகளில் வந்ததும் 'ஆர்.ஓ. நீர் கெடுதல்' என்று பலர் புரிந்துகொண்டார்கள். கேள்வி, தேவையில்லாத இடத்தில் தண்ணீர் வீணாவது பற்றியது.

ரெகவரியைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கழிவைப் பாதியாகக் குறைத்தால் அதில் உப்பின் செறிவு கூடும். கடினநீராக இருந்தால் சவ்வின் மேல் கால்சியம் படிந்து சவ்வு சீக்கிரம் கெடும். 'கழிவே இல்லாத ஆர்.ஓ.' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அந்த நீரை மேல்தொட்டிக்கே திருப்பி அனுப்புகின்றன. உப்பு அங்கே சேருகிறது. கழிவை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துவது இதைவிட நேர்மையான வழி. செடிக்கு ஊற்றுவதானால் மீட்டரை ஒருமுறை அதில் விட்டுப் பாருங்கள். 1,500-ஐத் தாண்டும் நீர் தொட்டிச் செடிக்கு ஆகாது.

கூட்டல் குறிக்குப் பின்னால் வருபவை

டி.டி.எஸ். கன்ட்ரோலர்: பெயரைக் கேட்டால் ஏதோ நுட்பமான மின்னணுச் சாதனம் போலத் தோன்றும். பெரும்பாலான கருவிகளில் இது ஒரு சிறிய வால்வு. ஆர்.ஓ. சவ்வுக்குள் போகாத நீரில் கொஞ்சத்தை, சுத்தமான நீரோடு கலந்துவிடுகிறது. அந்த நீர் யு.வி., யு.எஃப். வழியாகப் போவதால் கிருமி பற்றிப் பயமில்லை. ஆனால் மூல நீரில் நைட்ரேட்டோ ஆர்சனிக்கோ ஃபுளோரைடோ மிகுந்திருந்தால், எதை நீக்க ஆர்.ஓ. வாங்கினோமோ அது இந்தப் பக்கவாசல் வழியே டம்ளருக்கு வந்துசேரும். அப்படிப்பட்ட நீருக்குக் கன்ட்ரோலரை முழுவதும் மூட வேண்டும்.

மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. ஆர்.ஓ.-வைத் தாண்டிய நீர் கால்சியம், மெக்னீசியக் கற்களின் மேல் ஓடும்போது கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. மூல நீர் கலப்பதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இதுவே பாதுகாப்பானது.

ஆல்கலைன்: அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவை நீரில் 7-க்கு மேல் உயர்த்துவது. தரத்தின் வரம்பு 6.5 முதல் 8.5 வரை. இரைப்பையின் அமிலம் 1.5 முதல் 3.5 வரையிலான பி.எச். கொண்டது, குடித்த நீரின் காரத்தன்மை அங்கே அடங்கிவிடும். இரத்தத்தின் பி.எச்.-ஐ 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிறுத்திவைப்பது நுரையீரலும் சிறுநீரகமும். தண்ணீர்க் கருவி அல்ல. புற்றுநோய் வராது என்றெல்லாம் சொல்லி இதை விற்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

காப்பர்: செம்புப் பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்த நீரில் பாக்டீரியா குறைவது உண்மை. அதற்குத் தேவை மணிக்கணக்கான தொடர்பு. கார்ட்ரிட்ஜைச் சில நொடிகளில் கடக்கும் நீருக்கு அதே பலன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

99.9 சதவீதம்: கேட்க நிறைவாக இருக்கும். ஒரு லட்சம் பாக்டீரியாவில் நூறு தப்பிவிடும் என்பதே இதன் பொருள். பாக்டீரியாவுக்கு 99.9999, வைரஸுக்கு 99.99, ஒட்டுண்ணி உறைக்கு 99.9 என்பதுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டு அளவு. எந்தக் கிருமிக்கு எத்தனை ஒன்பது என்று கேளுங்கள்.

75 ஜி.பி.டி.: நாளுக்கு 75 அமெரிக்க காலன், அதாவது சுமார் 284 லிட்டர், மணிக்கு 12 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுத்தத்தின் அளவு அல்ல, வேகத்தின் அளவு.

எந்தத் தண்ணீருக்கு எது?

சென்னையின் நீரை ஒரே வரியில் பிரித்தால், மெட்ரோ நீரின் ஆபத்து கிருமி. போர் நீரின் ஆபத்து உப்பு. இதற்கு விலக்குகள் உண்டு. ஆழமில்லாத கிணற்றில், பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நைட்ரேட்டும் கிருமியும் சேர்ந்தே வரலாம். நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கு இது தனி ஆபத்து. இதைக் கொதிக்கவைப்பது பயனில்லை, நீர் வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

1. மெட்ரோ நீர் மட்டும், டி.டி.எஸ். 500-க்குள்: முன்வடிகட்டி, கார்பன், யு.வி. அல்லது யு.எஃப். போதும். கருவி வாங்க முடியாத வீட்டுக்கு, வெள்ளைத் துணியில் வடித்து, நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்தில் வைப்பது இன்றும் முழுமையான வழி. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

2. போர் நீர், டி.டி.எஸ். 500-க்கு மேல், அல்லது ஆய்வில் நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் வரம்பை மீறியது: ஆர்.ஓ. வேண்டும்.

3. சம்ப்பில் எல்லாம் கலக்கும் அடுக்ககம்: சென்னையின் பெரும்பான்மை இதுதான். ஐப்பசியில் 300, சித்திரையில் 1,100 என்று எண் ஊசலாடும். ஒரு நாள் அளவை வைத்து முடிவெடுக்காமல் சில மாதங்கள் வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். மெட்ரோ நீருக்கும் போர் நீருக்கும் தனித்தனிச் சம்ப் கட்ட முடிந்த சங்கங்கள் அதைச் செய்துவிட்டால், பாதி வீடுகளுக்கு ஆர்.ஓ. தேவையே இருக்காது.

மீட்டர் சொல்லாததை ஆய்வுக்கூடம் சொல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நீர்ப் பகுப்பாய்வு செய்கிறார்கள். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய வரி, 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா இருக்கிறதா என்பது. தரத்தின்படி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மனிதக் கழிவோ விலங்குக் கழிவோ கலந்ததற்கு அது நேரடிச் சாட்சி.

கேன் நீரை நாம் 'மினரல் வாட்டர்' என்று அழைக்கிறோம். அது பெரும்பாலும் போர் நீரை ஆர்.ஓ. செய்து அடைத்தது, சட்டப்படி 'பொதியப்பட்ட குடிநீர்', அதன் தரம் ஐ.எஸ். 14543. இயற்கையாகவே கனிமங்கள் உள்ள ஊற்று நீருக்கான ஐ.எஸ். 13428 தரம் வேறு.

மெம்பரேன் உயிரோடு இருக்கிறதா?

மீட்டர் உண்மையிலேயே உதவும் இடம் இது. கருவிக்குள் போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அடுத்தடுத்து அளக்க வேண்டும். 1,000 போய் 50 வந்தால் சவ்வு 95 சதவீத உப்பைத் தடுக்கிறது. புதுச் சவ்வின் வேலை அது. 1,000 போய் 250 வந்தால் சவ்வு ஓய்ந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் கன்ட்ரோலர் திறந்திருந்தாலும் இதே எண்தான் வரும். நல்ல சவ்வைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதுக்குப் பணம் கொடுப்பவர்களும் உண்டு. கெட்ட சவ்வைக் கன்ட்ரோலர் என்று நினைத்து வருஷக்கணக்கில் குடிப்பவர்களும் உண்டு. பழுதுபார்க்க வருபவரிடம் முதலில் கன்ட்ரோலரை முழுவதும் மூடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் நீரைத் திறந்துவிட்டுப் பிறகு அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது எண்ணையும் தேதியையும் கருவியின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் எழுதிவைத்தால், அடுத்த முறை 'மெம்பரேன் போய்விட்டது' என்ற பேச்சு வரும்போது அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.